கிரகண நாள் வெயில்

மைசூரில் என் அக்கா ஸத்யபாமா மொட்டைமாடியில் சோலார் பலகையும் இன்வெர்ட்டரும் பேட்டரிகளும் வைத்தது அத்திம்பேருக்காகத்தான். கரண்ட் போனால் அவருடைய ஆஸ்துமாவுக்கான நெபுலைசர் நின்றுவிடும்.

தொண்ணூற்றைந்தில் தீபாவளிக்கு மறுநாள் சூரிய கிரகணம். மூன்று நாள் மழையில் பேட்டரி இறங்கியிருந்தது. அன்றுதான் வெயில் வந்தது. அத்திம்பேரோ பலகையை வேட்டியால் மூடித் தர்ப்பையும் போட்டுவிட்டார்.

“இன்னிக்கு முழுக்க இந்த வெயில் வேண்டாம்டி. தீட்டு.”

“ராத்திரி மூச்சு வாங்கித்துன்னா தர்ப்பையையா இழுப்பேள்?” என்று கேட்டாள் அக்கா.

கிரகணம் விடுமுன்பே மேலே ஏறி வேட்டியை உருவினாள். இறங்கி வந்து, அவர் மனசுக்காகத் தலைக்குக் குளித்தாள்.

அன்று ராத்திரி கரண்ட் போயிற்று, நெபுலைசர் ஓடியது. மூச்சு சீரானதும் அத்திம்பேர், “நாளைக்குப் பலகையை நானே துடைக்கறேன்” என்றார்.

அக்கா தவறிப்போய் ஒரு மாதமாகிறது. இன்று காலையும் அத்திம்பேர் பலகையைத் துடைத்துவிட்டுத்தான் என்னிடம் காபி கேட்டார்.