கழற்றிய பின்னும் காட்டிய எண்

எங்கள் வீட்டு ஆண்களுக்கு நாற்பத்தாறு ஆகாது. அப்பா அந்த வயதில் கடையிலேயே சாய்ந்தார். அண்ணன் எங்கள் கூடத்துச் சாய்வு நாற்காலியில், மத்தியானம் சாப்பிட்டுவிட்டுப் பேப்பர் படித்தபடியே போய்விட்டார். தொண்ணூறுகளின் நடுவில் எனக்கு அந்த வயது வந்தபோது, அருப்புக்கோட்டையில் எதிரே வந்தவர்களெல்லாம் "நல்லாருக்கீகளா?" என்று கேட்ட விதமே சரியில்லை. நான் பயந்தாங்கொள்ளி. அது வெளியே தெரியாமலிருக்க எல்லோரிடமும் சிடுசிடுப்பேன்.

மதுரை டாக்டர் சோதித்துவிட்டு, கோளாறு ஒன்றும் இல்லை, தினமும் நடங்கள், துடிப்பு நூற்றிருபதைத் தாண்ட வேண்டாம் என்றார். நடந்துகொண்டே நாடி பிடித்து எண்ண எனக்கு வரவில்லை. பயத்தில் பாதியை விட்டுவிடுவேன், இல்லையென்றால் இரண்டு தடவை எண்ணிவிடுவேன். சிங்கப்பூரிலிருந்து லீவில் வந்த மைத்துனர் இரண்டு கருவிகளைக் கொண்டுவந்து வைத்தார். இரண்டிலுமே நெஞ்சில் கட்ட ஒரு பட்டை, மணிக்கட்டில் கட்ட ஒரு வாட்ச். பட்டை துடிப்பைக் கம்பியில்லாமல் அனுப்பும், வாட்ச் அதை எண்ணாகக் காட்டும்.

"அத்தான், இந்த அஞ்சு பொத்தான் வச்சத எடுத்துக்கோங்க. எவ்வளவு கொழுப்பு எரிஞ்சதுன்னுகூடச் சொல்லும்."

"எரிஞ்சதத் தெரிஞ்சு நான் என்ன செய்யப்போறேன்? கண்ணாடி போடாம எண்ணு தெரியணும். அம்புட்டுத்தான்."

ஒரே பொத்தான் இருந்ததை எடுத்துக்கொண்டேன். இன்னொன்றை அவர் திரும்பக் கொண்டுபோய்விட்டார்.

விடிந்ததும் மனைவி பட்டையின் உள்பக்கத்தைத் தண்ணீர் தொட்டு நனைத்துக் கட்டிவிடுவாள். நனைக்காவிட்டால் துடிப்பு ஏறாது. பாலவனத்தம் ரோட்டில் கரிசலைப் பார்த்துக்கொண்டு நடப்பேன். நூற்று நான்கு, நூற்று எட்டு. டவர் லைனுக்கு அடியில் மட்டும் இருநூறுக்கு மேல் எகிறும். கரண்டு குழப்பும் என்று மைத்துனர் முன்பே சொல்லியிருந்ததால் பயப்படவில்லை. திரும்பி வந்ததும் பட்டையைக் கழற்றி அவளிடம் கொடுப்பேன். வாட்ச் மணியும் காட்டும் என்பதால் கையிலேயே இருக்கும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அண்ணனின் நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். மணி பார்க்கக் கையைத் திருப்பினால், வாட்சில் நூற்று நாற்பத்தெட்டு. என் நெஞ்சில் பட்டை இல்லை. பார்த்துக்கொண்டிருக்கும்போதே தொண்ணூறானது, நூற்று அறுபதானது, பிறகு ஒன்றுமில்லை.

மின்விசிறி வேலையாகத்தான் இருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அடுத்த வாரம் கரண்டு இல்லாத மத்தியானத்திலும் வந்தது. தெருவில் ஒரு தறிகூட ஓடவில்லை. அந்த அமைதியில் என் மணிக்கட்டில் யாருடைய இதயமோ அடித்துக்கொண்டிருந்தது. நான் நாடியைத் தொட்டுப் பார்த்தேன். அது பாட்டுக்கு நிதானமாக இருந்தது. அண்ணன் இன்னும் இந்த நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை என்று நினைத்தேன். சிரிக்காதீர்கள், அப்படித்தான் நினைத்தேன்.

அதைவிட என்னைக் கலக்கியது மனைவிதான். ஒவ்வொரு முறையும் பக்கத்தில் வந்து உட்கார்ந்து விசிறிக்கொண்டே கேட்பாள்.

"என்னங்க காட்டுது?"

"நூத்தி அம்பத்தஞ்சு. பட்டையே கட்டலையேடி!"

அவள் முகம் தெளிந்துவிடும். எண் பெரிதாக இருந்தால் உதட்டோரம் ஒரு சிரிப்புக்கூட வரும். இருபது வருஷமாகக் கூட வாழ்ந்தவளைப் பார்த்து எனக்கு உடம்பு சில்லிட்டது.

இன்னொரு மத்தியானம் அவள் தண்ணீர் கொண்டுவர அடுப்படிக்குப் போனாள். எண் மறைந்தது. செம்போடு திரும்பி வந்து உட்கார்ந்தாள். எண் வந்தது. நான் அவள் முதுகில் கையை வைத்தேன். ரவிக்கைக்கு உள்ளே பட்டையின் கொக்கி விரலில் தட்டியது.

அவள் விசிறியைக் கீழே வைத்தாள்.

"கோவப்படாதீக. உங்களுக்கு நாப்பத்தாறு பிறந்த அன்னைக்கே நம்ம தெரு மாரியம்மாகிட்ட நேந்துக்கிட்டேன். அவுகளுக்கு வாரது எனக்கு வரட்டும்னு. ரெண்டு மாசமா தண்ணிக்குடம் தூக்குனா படபடன்னு வருது, கண்ணு இருட்டுது. ஆத்தா ஒத்துக்கிட்டாளான்னு பாக்கத்தான் இதக் கட்டிப் பாத்தேன்."

பட்டையைக் கட்டியிருப்பது யாரென்று பக்கத்தில் இருக்கும் வாட்சுக்குத் தெரியாது. எனக்கும் தெரியவில்லை. இரண்டு மாதமாக என் நெஞ்சைத் தவிர வேறெதையும் நான் கவனிக்கவில்லை.  எழுந்திரு, மதுரைக்குப் போவோம் என்றேன். அவள் நகரவில்லை.

"வைத்தியம் பாத்து எனக்குச் சரியாப்போச்சுன்னா? திரும்ப உங்ககிட்டல்ல வந்துரும்? நான் வரமாட்டேன்."

கெஞ்சினேன், கத்தினேன், சிங்கப்பூரிலிருந்த மைத்துனருக்குப் போன் போட்டுப் பேச வைத்தேன். சாமி காரியத்தில் தலையிடாதே என்று தம்பியிடமும் சொல்லிவிட்டாள். நான்கு நாள் இப்படியே போனது. ஐந்தாம் நாள் காலை தண்ணீர்க் குடத்தோடு வாசற்படியில் உட்கார்ந்தவளால் எழுந்திருக்க முடியவில்லை. உதடு வெளுத்திருந்தது. நான் நாற்காலியில் விழுந்து நெஞ்சைப் பிடித்துக்கொண்டேன்.

"வலிக்குதுடி. இடது கையெல்லாம் இழுக்குது."

அவள் போட்ட சத்தத்தில் தெருவே கூடிவிட்டது. வாடகைக் காரில் என் தலையை மடியில் வைத்துக்கொண்டு, தெரு முனைக் கோயிலைக் கடக்கும்போது, "ஏமாத்திட்டியே பாவி" என்று அம்மனைத் திட்டினாள். நான் கண்ணைத் திறக்கவில்லை. மதுரையில் டாக்டரிடம் தனியாக உண்மையைச் சொன்னேன். என்னோடு சேர்த்து அவளையும் படுக்க வைத்துச் சோதித்தார்கள். நேர்த்திதான் பலிக்கவில்லையே, இனி எதற்கு என்று அவளும் மறுக்காமல் படுத்தாள். இன்னும் சில வாரம் விட்டிருந்தால் பிழைத்திருக்க மாட்டாள் என்றார் டாக்டர். மாத்திரையை ஆயுளுக்கும் நிறுத்தக்கூடாது.

நாற்பத்தாறைத் தாண்டி ரொம்ப வருஷமாகிவிட்டது. அன்று எனக்கு வலிக்கவே இல்லை என்று இதுவரை அவளிடம் சொல்லவில்லை. தெரிந்தால், ஆத்தா ஒத்துக்கொண்டிருக்கிறாள் என்று நாளைக்கே மாத்திரையை நிறுத்திவிடுவாள். அந்தக் கோயில் வாசலைக் கடக்கும்போதெல்லாம் அவள் முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள். அம்மனிடம் மன்னிப்புக் கேட்க நான் மட்டும் தனியாகப் போய்வருகிறேன்.