கச்சானுக்கு நலமடித்த வருஷம்

1. கை

எங்கள் பெட்டைக் குதிரை பவளத்தின் வயிற்றுக்குள் என் வலது கை மணிக்கட்டைத் தாண்டி இருந்தது. விரல் நுனியில் ஏதோ தட்டுப்பட்டது. அது குட்டியின் மூக்கா முழங்காலா என்று எனக்குத் தெரியவில்லை. முன்பெல்லாம் தொட்ட மாத்திரத்தில் தெரியும். அன்று காலை கைக்குக் கண் போய்விட்டது.

நாங்கள் டென்மார்க்கில், விபோர்க்குக்கு வெளியே ஒரு சின்னக் காணியில் மினியேச்சர் குதிரை வளர்க்கிறவர்கள். நன்றாக வளர்ந்த குதிரையின் முதுகே என் இடுப்புக்கு வராது. குதிரை சின்னது என்றால் பிரசவமும் சின்ன வேலை என்று வெளியில் நினைக்கிறார்கள். இல்லை. தாய் சின்னது, குட்டியின் தலை மட்டும் பெரிது. ஒழுங்காக வருகிற குட்டி முன்னங்கால் இரண்டையும் நீட்டி, அதன்மேல் மூக்கை வைத்துக்கொண்டு, குளத்துக்குள் பாய்கிற பிள்ளை மாதிரி வரும். தலை பின்னால் மடங்கிவிட்டால் யாராவது உள்ளே கைவிட்டுத் திருப்ப வேண்டும். பெரிய கை போகாது. எங்கள் மிருக வைத்தியர் கரீன் நல்ல உயரமான பெண். அவளுடைய ஒரு கைக்குள் என் இரண்டு கையும் அடங்கும். ஆகவே இந்த வேலை எப்போதும் என்னுடையதுதான்.

என் கை அதற்கு முதல் ஒரு கோழித் தொழிற்சாலையில் வேலை பார்த்தது. குளிருக்குள் நின்று, ஓடுகிற லைனில் கத்தி பிடித்த வேலை. அந்த வேலையை நான் விட்டு எவ்வளவோ காலமாகிவிட்டது. அது இன்னும் என் விரல்களை விடவில்லை.

இவர் போன் எடுக்க, கரீன் வந்து சேர்ந்தாள். அவள் வழி சொல்ல, நான் தடவித் தடவிக் கயிறு போட, இரண்டு பேருமாகக் குட்டியை வெளியே எடுத்தோம். உயிர் இல்லை. பவளம் தப்பிவிட்டது. தப்பியது எழும்பி நின்று, செத்த குட்டியை நக்கத் தொடங்கியது. எனக்கு அழுகை வரவில்லை. கோபம்தான் வந்தது. யாரில் கோபிப்பது என்று தெரியாமல் வாளியை எடுத்து எறிந்தேன்.

என் கணவர் வந்து வாளியை நிமிர்த்தி வைத்தார்.

“விரல் விறைச்சுப் போச்சு. ஒண்டும் தெரியேல்லை,” என்றேன்.

“குளிருக்கு அப்பிடித்தான்,” என்றார். வெளியே வெயில் எறித்துக்கொண்டிருந்தது.

கரீன் குழாயடியில் முழங்கை வரை சவர்க்காரம் போட்டுக் கழுவினாள். கழுவி முடித்துத்தான் கதைத்தாள். என்னில் பிழை இல்லை என்றாள். தான் முதலிலேயே வந்திருந்தாலும் இதுதான் நடந்திருக்கும் என்றாள். பிறகு துவாயைத் தந்துவிட்டு, அடுத்த வருஷம் யார் கை வைக்கப்போகிறார்கள் என்று கேட்டாள். நான் துவாயை மடித்து வாளிக்கு மேல் வைத்தேன்.

2. ஏறவும் ஏலாது, கறக்கவும் ஏலாது

இங்குள்ள எங்கள் தமிழ் ஆட்கள் இந்தத் தொழிலை ஒரு தொழிலாக எடுத்ததே இல்லை. ரண்டர்ஸில் ஒரு சாமத்தியவீட்டுக்குப் போனால், சாப்பாட்டு வரிசையில் நிற்கும்போதே தொடங்கிவிடுவார்கள். ஏறவும் ஏலாத, கறக்கவும் ஏலாத, கறி வைக்கவும் ஏலாத மிருகத்துக்கு ஏன் இந்தப் பாடு என்பார்கள். ஒரு மாமி, அக்கறையாகத்தான், தீன் போதாமல்தான் இதுகள் வளராமல் நிற்கிறதோ என்று கேட்டா. நானும் விட்டுக்கொடுக்க மாட்டேன். “உங்கட பூனையைக் கறந்தே மாமி தேத்தண்ணி போடுறியள்?” என்று கேட்டுவிட்டு வந்தேன். என் கணவர் கார் வரைக்கும் என்னை ஏசிக்கொண்டு வந்தார்.

இவர் யாழ்ப்பாணத்துக்குக் கிட்ட, நெடுந்தீவு ஆள். நெடுந்தீவில் வெட்டைவெளியில் சொந்தக்காரர் இல்லாத குதிரைகள் திரிகின்றன. அதனால் குதிரையைப் பற்றித் தனக்கு எல்லாம் தெரியும் என்பது இவருடைய எண்ணம். பக்கத்துக் காணி டேனிஷ்காரர் வயதாகி டவுனில் வீடெடுத்துப் போனபோது, தன்னுடைய மினியேச்சர் சோடி ஒன்றை எங்களிடம் விட்டுவிட்டுப் போனார். அப்படித் தொடங்கியதுதான். எனக்கும் தொழிற்சாலையை விட்டு வெளியே வர ஒரு சாட்டு வேண்டியிருந்தது.

கச்சான் இங்கேயே பிறந்தவன். மண்ணிறத் தோலோடு ஒரு நிலக்கடலை அளவில் விழுந்தான்; நிலக்கடலையை எங்கள் ஊரில் கச்சான் என்போம், அதனால் அந்தப் பெயர். வளர்ந்து அழகான ஆண் குதிரையானான். அவனுடைய குட்டிகள் எல்லாம் மெல்லிய கால், சின்ன முகம், பெரிய கண். கோப்பன்ஹேகனிலிருந்தெல்லாம் வந்து பார்த்தார்கள்.

வருகிறவர்கள் எல்லாரும் கேட்பது ஒரே கேள்விதான். இதைவிடச் சின்னதாக இருக்கிறதா? ஒரு பெண் தன்னுடைய கார் டிக்கியைத் திறந்து காட்டி, இதற்குள் நிற்கக்கூடிய மாதிரி வேண்டும் என்றாள். நாய் வாங்குங்கோ என்று சொல்ல வாய் உன்னியது. இவர் என்னை முந்திக்கொண்டு, வாற வருஷம் பார்ப்போம் என்று சொல்லி அனுப்பினார். அந்த ‘வாற வருஷம்’ என்ற பேச்சுத்தான் எங்களை இவ்வளவு தூரம் இழுத்துக்கொண்டு வந்தது. குட்டி சின்னதாகச் சின்னதாக என் கைதான் கூட வேலை செய்தது.

3. யாரைக் குறைப்பது

பவளத்தின் குட்டி போன பிறகு அந்த வருஷம் முழுக்க எனக்கு ஓரிடத்தில் இருப்புக் கொள்ளவில்லை. காலையில் எழும்பும்போது குறைப்போம் என்று இருக்கும். தேத்தண்ணி குடித்து முடிய, மல்லியை மட்டும் ஒரு தரம் விட்டுப் பார்க்கலாமே என்று வரும். மல்லி பவளத்தின் மகள். அடுத்த மே மாதம்தான் முதல் தடவை குட்டி தாங்கும் வயதுக்கு வருகிறாள். மத்தியானம் லாயத்துக்குள் போய் மல்லியின் இடுப்பைத் தடவிப் பார்ப்பேன். ஒடுக்கமான இடுப்பு. உடனே திரும்பவும் குறைப்போம்.

விற்றுக் குறைப்பது என்று ஒரு கிழமை யோசித்தோம். வந்து பார்த்தவர்களை நானே ஒவ்வொரு குறை சொல்லித் திருப்பி அனுப்பினேன். ஒருத்தருடைய வேலி சரியில்லை. இன்னொருத்தர் ஒற்றைக் குதிரையாக வளர்க்கப்போகிறார். இன்னொருத்தர் அதிகம் சிரித்தார். இவர் பார்த்துவிட்டு, “நீர் குதிரை விக்கிறீரோ, மாப்பிள்ளை பாக்கிறீரோ?” என்றார்.

ஒருபக்கம் கை. மறுபக்கம் இன்னொன்று அரித்துக்கொண்டிருந்தது. இந்தச் சின்னக் குதிரைகள் முப்பது வருஷம் நிற்கும். எங்களுக்கு ஏற்கனவே அறுபது தாண்டிவிட்டது. இனிமேல் பிறக்கிற ஒவ்வொரு குட்டியும் எங்களைவிட நின்று வாழப்போகிறது. மகள் ஆரணி ஓகூஸ் நகரத்தில் மூன்றாம் மாடியில் இருக்கிறாள். அங்கே பூச்சாடிக்கே இடமில்லை. குட்டி பிறந்த அன்று எல்லாரும் படம் எடுக்க வருவார்கள். அது கிழடாகிப் பல்லில்லாமல் நிற்கும்போது தவிட்டை ஊறவைத்துக் கொடுக்க யார் வருவார்கள்?

இதை இவரிடம் சொன்னால், “அப்ப பெட்டையளிலை பாதியை விடாமல் மறிப்பம்,” என்பார். எந்தப் பாதி என்று கேட்டால் பேச்சு அத்தோடு நின்றுவிடும். உண்மையில் மறிக்கிறது என்பது ஒரு கேற்றைத் திறக்காமல் விடுவதுதான். பெட்டைகள் ஒரு பக்கம். கச்சான் மறுபக்கம், தனிக் காணியில். நடுவில் கரண்ட் வேலியும் ஒரு கேற்றும். மே பிறந்ததும் கேற்றைத் திறப்போம், ஜூன் கடைசியில் அவனைத் திரும்பப் பிடித்து விடுவோம். பவளத்தின் குட்டி போன வருஷம் மட்டும் திறக்கவில்லை. மிச்ச மாதமெல்லாம் அவன் வேலிக்கு அந்தப் பக்கம். அவன் இருக்கும் வரைக்கும் அந்தக் கேற்றை யாராவது ஒருநாள் திறக்கத்தான் போகிறோம் என்று எனக்குத் தெரியும். இவர் திறக்காவிட்டால் நானே திறப்பேன்.

ஆகவே அடுத்த வருஷம் ஏப்ரலில் ஒருநாள், லாயம் கூட்டிக்கொண்டு நின்ற இவரிடம் நேரடியாகச் சொன்னேன்.

“கச்சானுக்கு நலமடிப்பம்.”

நலமடிக்கிறது என்றால் எங்கள் பக்கத்தில் காயடிக்கிறது. ஏன் அப்படிச் சொல்கிறோம் என்று நான் அதுவரை யோசித்ததில்லை. இவர் விளக்குமாற்றைச் சுவரில் சாத்திவிட்டு என்னைப் பார்த்தார். அவருடைய சொந்தத்தில் எதையோ வெட்டச் சொன்ன மாதிரி முகம்.

“நெடுந்தீவிலை ஆரும் குதிரைக்கு நலமடிச்சவையே? அதுகள் தன்பாட்டிலை பெருகினதுகள்.”

“தண்ணியில்லாமல் செத்ததுகளையும் ஆரும் எண்ணேல்லை.”

அதற்குப் பிறகு நாலைந்து நாள் நாங்கள் குதிரைகளோடு மட்டும் கதைத்தோம்.

4. நலம்

ஞாயிற்றுக்கிழமைகளில் ஆரணி போன் எடுப்பாள். மேசையில் ஸ்பீக்கரில் வைத்துவிட்டு இரண்டு பேரும் கதைப்போம். நாங்கள் தமிழில் கேட்க அவள் டேனிஷில் பதில் சொல்லுவாள். சின்ன வயதில் சனிக்கிழமை தமிழ்ப் பள்ளிக்கூடத்துக்கு அழுதழுது போனவள். கடிதம் எழுதுகிற பாடத்தில், நலம், நலமறிய ஆவல் என்று தொடங்கப் பழக்கியிருந்தார்கள். அது மட்டும் அவளுக்கு நல்ல மனப்பாடம்.

இவர் என்னைப் பற்றி முறைப்பாடு சொல்ல ஆள் தேடிக்கொண்டிருந்தார்.

“கச்சானுக்கு நலமடிக்க வேணுமெண்டு கொம்மா ஒற்றைக் காலிலை நிக்கிறா,” என்றார்.

அவள் சந்தோஷப்பட்டாள். கடைசியிலாவது கண்டுபிடித்தீர்களே, எத்தனை தரம் செலுத்த வேண்டும், உடனே சுகம் வருமா என்று டேனிஷில் கேட்டுக்கொண்டே போனாள். எங்களுக்கு ஒன்றும் விளங்கவில்லை. பிறகுதான் பிடிபட்டது. ஊசி அடிக்கிறது மாதிரி நலம் அடிக்கிறது. சுகமில்லாத குதிரைக்குச் சுகம் வர அடிக்கிற ஏதோ மருந்து என்று பிள்ளை எடுத்திருக்கிறாள்.

பெற்ற மகளுக்கு அதைத் தமிழில் விளக்க இவருக்கு வாய் வரவில்லை. தொண்டையைச் செருமி, காயடித்த குதிரைக்கு டேனிஷில் உள்ள சொல்லைச் சொன்னார்: “வல்லக்.” அந்தப் பக்கம் அவள் சிரித்த சிரிப்பில் நானும் சிரித்துவிட்டேன். நாலைந்து நாளுக்குப் பிறகு வீட்டில் கேட்ட முதல் சிரிப்பு.

சிரித்து ஓய்ந்த பிறகு இவர் கேட்டார்.

“அதுசரி, கச்சானுக்குச் சுகமில்லையெண்டு ஆர் உமக்குச் சொன்னது?”

அவள் டேனிஷில்தான் சொன்னாள். தான் வீட்டுக்கு வருகிற நேரமெல்லாம் அவன் வேலியோரம் போகிறான், திரும்பி வருகிறான், போகிறான் என்றாள். அவன் ஒருநாளும் சும்மா நின்றதைத் தான் பார்த்ததில்லை என்றாள். ஏதோ நோய் வருத்தம் என்றுதான் நினைத்தாளாம். பெட்டைகள் ஒன்றோடொன்று உரசிக்கொண்டு நிற்கின்றன, அவன் மட்டும், என்று டேனிஷில் சொல்லிக்கொண்டு வந்தவள் கடைசிச் சொல்லைத் தமிழில் சொன்னாள்.

“தனிய.”

இவர் வழக்கமாக, ஆம்பிளைக் குதிரை அப்படித்தான் துடிப்பாக நிற்கும் என்று சொல்லுவார். வாங்க வருகிறவர்களுக்கும் அதைத்தான் சொல்லுவார், நானும் தலையாட்டுவேன். அன்று அவர் அதைச் சொல்லவில்லை. போன் வைத்த பிறகு எழும்பிப் போய் ஜன்னலடியில் நின்றார். மழை தூறிக்கொண்டிருந்தது. வேலியோரம் கச்சான் போய்க்கொண்டும் வந்துகொண்டும் இருந்தான். நானும் பக்கத்தில் போய் நின்றேன். இவ்வளவு காலமும் குட்டியைப் பற்றியும் என் கையைப் பற்றியும் எங்கள் வயதைப் பற்றியும்தான் யோசித்தேன். இவனைப் பற்றி ஒரு தரமும் யோசிக்கவில்லை.

அடுத்த நாள் கரீனுக்குப் போன் எடுத்தது இவர்தான்.

5. புல்வெளியில்

வேலை பெரிதில்லை. புல்லில் வைத்தே ஊசி போட்டு மயக்கி, கரீன் சுறுக்கென்று முடித்துவிட்டாள். இவர் கச்சானின் தலையை மடியில் வைத்துக்கொண்டு, முகத்தை மறுபக்கம் திருப்பிக்கொண்டிருந்தார். சில கிழமைகள் பொறுத்துத்தான் பெட்டைகளோடு விடலாம் என்று கரீன் சொல்லிவிட்டுப் போனாள். அந்தக் கிழமைகளில் நான் கரீனை எத்தனை தரம் மனதுக்குள் கூப்பிட்டுத் திட்டினேன் என்று எனக்குத்தான் தெரியும். நல்ல குதிரையைப் பாழாக்கிவிட்டோம் என்று ஒருநாள். மல்லியையாவது முதலில் விட்டிருக்கலாம் என்று இன்னொருநாள். இனித் திருப்பி ஒட்ட முடியாத வேலையைச் செய்துவிட்டு ஒட்டலாமா என்று யோசிக்கிற மனம் எனக்கு.

கேற்றைத் திறந்த அன்று எல்லாம் பிழையாய்ப் போனது. கச்சானுக்குக் கூட்டத்தில் நிற்கவே தெரியவில்லை. எல்லாருடைய முகத்துக்கு முன்னாலும் போய் நின்றான். மல்லி உதைத்தாள். பவளம் காதை மடித்துக்கொண்டு கழுத்தில் ஒரு கடி கடித்துக் கலைத்தது. திரும்பவும் பிரித்துவிடுவோமா என்று கேட்டேன். பொறும் என்றார் இவர்.

சில நாள் கழித்து, மத்தியானம், நான் சமையலறை ஜன்னலால் எட்டிப் பார்த்தபோது கச்சான் புல்வெளியின் நடுவில் பக்கவாட்டில் விழுந்து கிடந்தான். நாலு காலும் நீட்டி, தலை தரையில். சத்திரசிகிச்சைப் புண்ணில் கிருமி ஏறிவிட்டது, செத்துவிட்டான் என்று நினைத்தேன். செருப்பும் போடாமல் ஓடினேன். ஓடிக்கொண்டே இவரைக் கூப்பிட்டேன், அவர் லாயத்துக்குள்ளிருந்து ஓடிவந்தார். கிட்டப் போகும் வரை கச்சான் அசையவில்லை. அவன் பக்கத்தில் பவளம் நிழல் விழும்படி நின்றது. எங்களைக் கண்டு காதை மட்டும் திருப்பியது, இடத்தை விட்டு நகரவில்லை.

இவர் குனிந்து பார்த்தார். கச்சானின் வயிறு மெதுவாக ஏறி இறங்கியது. மூக்கால் சின்னதாக ஒரு குறட்டை.

“நித்திரை,” என்றார் இவர்.

நான் அந்தப் புல்லிலேயே குந்திவிட்டேன். காலையில் லாயத்தில் மற்றக் குதிரைகளின் விலாவில், இரவு படுத்த இடத்து வைக்கோல் ஒட்டியிருக்கும். இவனில் ஒட்டியிருந்ததாக எனக்கு நினைவே இல்லை. பின்னேரம் கரீனிடம் கேட்டேன். குதிரை நின்றபடி தூங்கும், ஆனால் இப்படி நீட்டி நிமிர்ந்து படுப்பதென்றால் பக்கத்தில் இன்னொன்று காவல் நிற்க வேண்டும், நம்பிக்கை இல்லாத இடத்தில் படுக்காது என்றாள்.

இந்த வருஷம் எங்களிடம் குட்டி இல்லை. மல்லியை ஒரு தரம் வெளியே கொண்டுபோய்ச் சேர்ப்பதா என்று இப்போதும் மென்றுகொண்டுதான் இருக்கிறேன். நான் அப்படித்தான், எனக்கு அடங்கி இருக்கத் தெரியாது. ஆனால் புதிதாக இந்தத் தொழிலுக்கு வருகிற பிள்ளைகள் போன் எடுத்து, எத்தனை குட்டி வைக்கலாம், எப்போது குறைக்கலாம் என்று கேட்டால் நான் ஒன்றுதான் சொல்கிறேன். கணக்கைப் பிறகு பாருங்கள். முதலில் மத்தியானத்தில் ஒருக்கால் வெளியே போய், நிற்கிறதுகள் எல்லாம் படுத்து நித்திரை கொள்ளுகின்றனவா என்று பாருங்கள்.