ஒன்று, மூன்று, நான்கு, இரண்டு

துபாயிலிருந்து என் வீட்டுக்காரர் போனில் சொன்னார்: "ஐப்பசியில லீவுக்கு வாரேன். நான் வந்து எறங்குறதுக்குள்ள அந்தக் கார் ஓடுச்சுன்னா நீயே வச்சுக்க. ஓடலைன்னா மறுநாளே காயலான்கடைக்காரரு வந்து தூக்கிட்டுப் போயிருவாரு. அவர்ட்ட பேசிட்டேன்."

பேசிவிட்டாராம்! இங்கே கிடந்து அல்லாடுகிறவள் நான். கீரனூரிலிருந்து எங்கள் ஊருக்கு ஒரு நாளைக்கு மூன்றே பஸ். மாமியாருக்கு மூச்சு வாங்கினாலும், உர மூட்டை எடுத்துவரப் போனாலும், கார் வைத்திருக்கிற யாரிடமாவது பல்லைக் காட்டிக்கொண்டு நிற்க வேண்டும். வீட்டிலோ மாமனார் வாங்கிய அம்பாசிடர் கொட்டகையில் நாலு வருஷமாகத் தூசி தின்றுகொண்டிருந்தது. என்னிடம் லைசென்ஸ் இருந்தது. எஞ்சின்தான் செத்துக் கிடந்தது.

மெக்கானிக் தம்பி ஒருவரைக் கூப்பிட்டு, செயின் போட்டு எஞ்சினைத் தூக்கி இரண்டு பனங்கட்டைகள் மேல் இறக்கச் சொன்னேன். இறக்கிவிட்டுச் சிரித்தார். "அக்கா, இது கெணத்து மோட்டார் இல்லக்கா."

கிணற்றடி டீசல் எஞ்சினைப் பதினைந்து வருஷமாகப் பிரித்து மாட்டுகிறவள் நான். எனக்குச் சுருக்கென்றது. "தூக்குறதுக்குத்தான் தம்பி ஒங்களைக் கூப்பிட்டேன். மத்ததை நான் பாத்துக்கிறேன்" என்றேன்.

பாகம் பாகமாகப் பிரித்தேன். பிளாக்கை லோடு ஆட்டோவில் ஏற்றிப் புதுக்கோட்டை லேத்துக்குக் கொண்டுபோய்க் கடைந்து வாங்கிவந்தேன். எட்டு வால்வுகளையும் நானே தேய்த்தேன். வால்வில் சொரசொரப்பான பசையைத் தடவி, அதைக் கவ்விப் பிடிக்கிற குச்சியை உள்ளங்கைகளுக்கு நடுவே வைத்து மோர் கடைவதுபோல் உருட்ட வேண்டும். நாலு நாள் உருட்டியதில் கை கொப்பளித்துவிட்டது. தேய்த்து முடித்து மண்ணெண்ணெய் ஊற்றிப் பார்த்தேன். ஒரு சொட்டு கசியவில்லை. அடி சக்கை! எனக்கு நானே கை தட்டிக்கொண்டேன்.

பிரிக்கும்போதே ஒரு காரியம் செய்திருந்தேன். எஞ்சினில் நாலு சிலிண்டர். நெருப்புப் பொறியைப் பங்குபோட்டு அனுப்புகிற டிஸ்ட்ரிபியூட்டர் மூடியிலிருந்து நாலுக்கும் நாலு ஒயர் போகும். ஆனால் நெருப்பு வரிசையாகப் போகாது. ஒன்று, மூன்று, நான்கு, இரண்டு என்றுதான் போகும். மாட்டும்போது குழம்பக் கூடாதே என்று மூடியைச் சுற்றி ஒவ்வொரு ஓட்டைக்குப் பக்கத்திலும் ஸ்டிக்கர் பொட்டு ஒட்டிவைத்தேன். ஒன்றாம் நம்பருக்கு ஒரு பொட்டு, மூன்றாம் நம்பருக்கு மூன்று பொட்டு, அப்படி. ஒயர்களிலும் அதே கணக்கில் ஒட்டினேன்.

ஆயுத பூஜை வந்தது. ஸ்பானர், எஞ்சின், மூடி எல்லாவற்றையும் மாமியார் துடைத்துச் சந்தனம் குங்குமம் வைத்தார். எனக்கும் சந்தோஷம்தான்.

வீட்டுக்காரர் வருவதற்கு முந்தின நாள் மெக்கானிக் தம்பியும் நானுமாக எஞ்சினைக் காரில் ஏற்றினோம். பொட்டைப் பார்த்துப் பார்த்து ஒயரை மாட்டினேன். சாவியைத் திருப்பினேன். டமார் என்று ஒரு வெடி. கார்புரேட்டரிலிருந்து புகை. மறுபடி திருப்பினேன், மறுபடி வெடி. வாசலில் நின்றிருந்த கோழிகள் சிதறி ஓடின.

"விட்டுருங்கக்கா. அதுக்கு ஆயுசு முடிஞ்சிருச்சு" என்றார் மெக்கானிக்.

எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. மூன்று மாச உழைப்பு. விடிந்தால் வெள்ளிக்கிழமை. மாமியார் எட்டிப் பார்த்து என்னைத் தேற்றுவதாக நினைத்துச் சொன்னார்: "அழுவாதத்தா. நாந்தான் பூசையன்னைக்கு நல்லா அழகா வச்சேனே. அந்த மூடியில நீ பொட்டைத் தாறுமாறால்ல ஒட்டியிருந்தே! ஒண்ணுக்கு அடுத்து மூணு, அப்பறம் நாலு, கடைசியில ரெண்டு. அம்புட்டையும் உரிச்சுத் தொடச்சு, ஒண்ணு ரெண்டு மூணு நாலுன்னு வரிசையா ஒட்டிவிட்டேன்."

"அத்தே!" என்று நான் போட்ட சத்தத்தில் அவர் ஓரடி பின்னால் போனார். அடுத்த நிமிஷம் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்துவிட்டது. இரண்டாம் பொட்டு இருந்த இடத்தில் மூன்றாம் ஒயர், மூன்றாம் பொட்டில் நான்காம் ஒயர், நான்காம் பொட்டில் இரண்டாம் ஒயர், அப்படித்தான் இருக்க வேண்டும். பிடுங்கி மாற்றிக் குத்தினேன்.

சாவியைத் திருப்பினேன். ஒரு செருமல். பிறகு பிடித்துக்கொண்டது. அடேயப்பா, அந்தச் சத்தம்! பானட் மேல் நான் வைத்துப் பார்த்த தண்ணீர் டம்ளர் தளும்பக்கூட இல்லை. மெக்கானிக் டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தார். கடைசியில், "அடுத்த வாரம் ஒரு வால்வு வேலை இருக்கு. வந்து பாக்குறீங்களாக்கா?" என்றார்.

வெள்ளிக்கிழமை மாமியாரை முன்சீட்டில் உட்காரவைத்துத் திருச்சி ஏர்போர்ட்டுக்கு நானே ஓட்டிப் போனேன். பெட்டிகளோடு வெளியே வந்தவர் வாடகைக் காரைத் தேடினார். நான் ஹாரன் அடித்தேன். காரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், திரும்பவும் காரைப் பார்த்தார். பிறகு டிரைவர் பக்கம் வந்து கையை நீட்டினார். "சாவியக் குடு. நீ அங்கிட்டு உக்காரு."

"அங்கிட்டு அத்தை இருக்காங்க. நீங்க பின்னாடி ஏறுங்க."

ஏறினார். நானும் கியரைப் போட்டு மெயின் ரோட்டுக்கு வந்தேன். கொஞ்ச தூரம் போனதும் பின்னாலிருந்து அவர் போனில் பேசுவது கேட்டது.

"அண்ணே, நாளைக்கு நீங்க வர வேணாம். ஆமா, ஓடுது. இல்லண்ணே, நான் ஓட்டலை. வண்டிக்காரி ஓட்டுறா."