முஜிரானின் மைனஸ் பன்னிரண்டு

முஜிரானுக்கு வாய் கொஞ்சம் நீளம். பக்கத்து வீட்டுக் கல்யாணத்தில் சாப்பிட உட்கார்ந்த இடத்தில், பத்துப் பேர் காதுபட, "என் மக கல்யாணத்துக்கு மைக் செட் நானே செஞ்சு வெப்பேன்" என்று சொல்லித் தொலைத்தார். யாரும் அவரைக் கேட்கவில்லை. தானாகவே போய் வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டார்.

ஆனால் அப்படிச் சொல்லவைத்த ஆத்திரத்தில் நியாயம் இருந்தது. அந்தக் கல்யாணத்துக்கு ஒலிபெருக்கி வைத்தவன் அவருடைய மனைவி ரூமினாவின் அண்ணன் ஜுமாடி. லாரி நிறைய ஸ்பீக்கர் அடுக்கிக்கொண்டு ஊர் ஊராகப் போகிறவன். அவன் பாட்டுப் போட்டால் கூரை ஓடு நழுவும். ஆனால் மனிதர் பேசினால் ஒரு சொல் விளங்காது. அவர்கள் ஊரான துலுங்காகுங் பக்கத்தில் நிக்காவுக்கு முன்னால் மணப்பெண் மைக்கைப் பிடித்து, தன் அப்பாவிடம் சபையறிய அனுமதி கேட்பாள். இத்தனை வருஷம் வளர்த்ததற்கு நன்றி சொல்வாள், மன்னிப்புக் கேட்பாள், இவருக்கு என்னைக் கட்டிக் கொடுங்கள் என்பாள். வந்தவர்கள் எல்லோரும் காத்திருப்பதே அதற்குத்தான். அன்றைக்கு அந்தப் பெண் சொன்னது முழுக்க ஜுமாடியின் ஊளைச் சத்தத்தில் போய்விட்டது. முஜிரானுக்கு ஒரே மகள், ரத்ரி. அவள் கேட்கப்போவது தெருமுனை வரை எழுத்தெழுத்தாகக் கேட்க வேண்டும். அவர் ஆசை அவ்வளவுதான்.

முஜிரான் தொழிலுக்கு மோட்டார் சைக்கிள் மெக்கானிக். அரிசி ஆலைக்கு எதிரே முப்பது வருஷமாகக் கடை. சாயங்காலம் கை கழுவிவிட்டால் சால்டரிங் இரும்பைச் சூடு பண்ணிக்கொண்டு உட்கார்ந்துவிடுவார். ரேடியோ, மணி, கோழிக்குஞ்சுப் பெட்டிக்கு விளக்கு என்று எதையாவது செய்வார். செய்ததில் பாதி ஓடும். மீதிப் பாதி கட்டிலுக்கு அடியில் கிடக்கும், ரூமினா பெருக்கும்போதெல்லாம் திட்டு வாங்கும்.

இந்த மைக் பெட்டி மற்றதைப் போல இல்லை. இதற்கு இரட்டைக் கரண்ட் வேண்டும். ஒரு பக்கம் பிளஸ் பன்னிரண்டு வோல்ட், மறுபக்கம் மைனஸ் பன்னிரண்டு, இரண்டுக்கும் நடுவே பூஜ்யம். குரல் அந்தப் பூஜ்யத்தை நடுவாக வைத்துக்கொண்டு மேலும் கீழும் ஆடும். ஒரு பக்கம் செத்தால் குரல் நசுங்கிப் போகும். டிரான்ஸ்பார்மர், டயோடு, பெரிய பெரிய கெப்பாசிட்டர், வோல்ட் ஏறாமல் இறங்காமல் பிடித்துவைக்கப் பிளஸ்ஸுக்கு ஒரு ரெகுலேட்டர், மைனஸ்ஸுக்கு ஒரு ரெகுலேட்டர் என்று எல்லாவற்றையும் பலகையில் பற்றவைத்து, மேஜைமேல் வைத்து மீட்டரால் தொட்டுப் பார்த்தார். பிளஸ் பன்னிரண்டு. மைனஸ் பன்னிரண்டு. "பாத்தியாடி!" என்று அடுக்களைப் பக்கம் கத்தினார். அவள் பார்க்கவில்லை.

பலகையை இரும்புப் பெட்டிக்குள் வைத்துத் திருகு முடுக்கி, மைக் செருகி, சுவிட்சைப் போட்டார். மைக்கில் குரல் தவளை கத்துவது போல வந்தது. மைனஸ் பக்கம் மீட்டர் முள் பூஜ்யத்தில் படுத்துக்கிடந்தது. அந்த ரெகுலேட்டரைத் தொட்டவர் விரலை உதறிக்கொண்டு வாயில் வைத்துக்கொண்டார்.

போலிச் சரக்கு என்று உடனே தீர்ப்புச் சொன்னார். வேறு ஒன்று வாங்கி மாற்றினார். மேஜைமேல் வேலை செய்தது. பெட்டிக்குள் போனதும் சுட்டது, செத்தது. இன்னொன்று மாற்றினார். அதுவும் அப்படியே. மூடிய பெட்டியின் சூடு தாங்காத மட்டமான சாமான் என்று, பெட்டியின் மூடியில் ஓட்டையாகப் போட்டார். கம்ப்யூட்டர் விசிறி ஒன்றைப் பொருத்தினார். விசிறி அழகாகச் சுற்றியது. மைனஸ் மட்டும் எழுந்திருக்கவில்லை.

"என்ன மாஸ், பெட்டியில மீன் வறுக்கறீங்களா?" ஜுமாடி வாசலில் நின்று மூக்கை உறிஞ்சினான். முஜிரான் அவன் தங்கை புருஷன்தான், ஆனால் வயதில் மூத்தவர். அதனால் அண்ணன் என்கிற அந்த 'மாஸ்' மரியாதை, கேலிக்கும் சேர்த்து. "பேசாம என் லாரியக் கொண்டாந்து நிறுத்தறேன். காசு வேணாம். என் மருமவ கல்யாணம்."

"உன் லாரி வந்துச்சுன்னா நான் வீட்ட விட்டுப் போயிடுவேன்."

"போங்க. பொண்ணுக்கு சம்மதம் சொல்ல மட்டும் வந்துட்டுப் போங்க."

முஜிரானுக்கு வந்த கோபத்தில் ஸ்க்ரூ டிரைவர் கையிலிருந்து நழுவி விசிறிக்குள் விழுந்தது. விசிறியும் போயிற்று.

செத்துப்போன ரெகுலேட்டர்களை ஒரு பிளாஸ்டிக் பையில் கட்டிக்கொண்டு கெடிரி டவுன் வரை வண்டியை விரட்டினார். அங்கே உதிரிபாகக் கடை வைத்திருக்கும் சீனக்கார அக்கா, சிக் லானி, கண்ணாடியை மூக்கு நுனியில் வைத்துக்கொண்டு யாருக்கோ வயர் அளந்துகொண்டிருந்தாள்.

"சிக், நீ குடுத்தது எல்லாமே டூப்ளிகேட்டு! மக கல்யாணத்த வெச்சுக்கிட்டு நான் அலையறேன், உனக்கு மனசாட்சி இருக்கா?"

கடையில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். சிக் லானி பையை வாங்கி, மேஜையடியிலிருந்து சோதனைப் பலகையை எடுத்து, ஒவ்வொன்றாகச் செருகினாள். மைனஸ் பன்னிரண்டு. அடுத்தது, மைனஸ் பன்னிரண்டு. எல்லாமே உயிரோடு இருந்தன.

"பாக், இதுங்க சூடேறினா தானா வாய மூடிக்கும், ஆறினா முழிச்சுக்கும். சாகல. உங்க பெட்டியில என்ன கோளாறோ, அத என் தலையில கட்டாதீங்க. வந்த வழியாப் போங்க." பாக் என்று ஐயா போட்டுத்தான் விரட்டினாள்.

முஜிரான் பையைப் பொறுக்கிக்கொண்டு வண்டியைத் திருப்பினார். வழியெல்லாம் அவளைத் திட்டினார், பிறகு தன்னைத் திட்டினார். வீட்டுக்கு வந்து பெட்டியைத் தூக்கிச் சாக்கடையில் வீசத்தான் போனார். வீசினால் ஜுமாடியின் லாரி வந்துவிடும் என்ற ஒரே பயத்தில் கீழே வைத்தார்.

மறுநாள் கடையில் ஒரு வண்டிக்கு ஹாரன் மாற்றும்போது கறுப்பு வயரை எடுத்து வண்டியின் இரும்புச் சட்டத்தில் திருகினார். திருகிக்கொண்டிருந்த கை அப்படியே நின்றுவிட்டது. முப்பது வருஷமாக அந்தக் கை செய்கிற வேலை அது. மோட்டார் சைக்கிளில் உடம்பெல்லாம் மைனஸ். எந்த இரும்பைத் தொட்டாலும் மைனஸ். புதுப் பெட்டியைத் திறந்ததும் அவர் முதலில் செய்ததும் அதுதான். மைனஸ்ஸிலிருந்து ஒரு தடித்த வயரை இழுத்துப் பெட்டியின் உடம்பில் இறுகத் திருகியிருந்தார். யோசித்துச் செய்யவில்லை, கை செய்தது. ஆனால் மைக் செருகும் துளையின் இரும்பு வளையம் பூஜ்யம். அதுவும் அதே பெட்டியில்தான் உட்கார்ந்திருக்கிறது. மைனஸும் பூஜ்யமும் பெட்டி வழியாகக் கட்டிப் புரண்டுகொண்டிருந்தன. மேஜைக்கு எடுக்கும்போதெல்லாம் அந்த வயரைக் கழற்றினார், வைக்கும்போதெல்லாம் பொறுப்பாகத் திரும்ப முடுக்கினார்.

"கழுத! கழுத!" என்று தலையில் அடித்துக்கொண்டார். ஹாரனுக்கு வந்தவர் தன்னைத்தான் சொல்கிறாரோ என்று இரண்டடி தள்ளி நின்றார்.

வயரைக் கழற்றியதும் மைனஸ் எழுந்து நின்றது. குரல் வந்தது. கூடவே 'ம்ம்ம்' என்று ஓர் இரைச்சலும் வந்தது. பூஜ்ய வயர்களை ஓர் இடத்தில் சேர்த்தார், குறைந்தது. டிரான்ஸ்பார்மரைத் திருப்பி வைத்தார், கூடியது. மறுபடி திருப்பினார். கல்யாணத்துக்கு முந்தின நாள் வரை அந்த 'ம்ம்ம்' அவரை விடவில்லை. சாப்பிடும்போதும் காதைச் சாய்த்துக்கொண்டே சாப்பிட்டார். ரத்ரி ஏதாவது கேட்டால், "இரு, இரு, கேக்கவிடு" என்பார்.

கல்யாணத்தன்று காலையில் அடுக்களைக்குப் போய், சமைக்க வந்திருந்த அக்கம்பக்கத்துப் பெண்களிடம் கும்பிடாத குறையாகச் சொன்னார். "ரைஸ் குக்கர் போடாதீங்க. தண்ணி மோட்டார் போடாதீங்க. லோடு தாங்காம வீட்டுக் கரண்டு போயிரும்."

"அப்ப சோத்த உங்க பெட்டியிலயே வடிச்சுக் குடுங்க பாக்" என்றாள் ஒருத்தி. எல்லோரும் சிரித்தார்கள். அவருக்குச் சிரிப்பு வரவில்லை.

பந்தலில் கூட்டம் நிரம்பியது. கல்யாணத்தை நடத்திவைக்கும் பங்ஹுலு வந்து உட்கார்ந்து, வேறு ஊரில் இன்னொரு கல்யாணம் இருக்கிறது என்று முதலிலேயே சொல்லிவிட்டார். பெட்டியை முஜிரான் தன் முட்டிக்குப் பக்கத்திலேயே வைத்துக்கொண்டார். மைனஸ் பக்கம் மீட்டரை மாட்டி, முள் தெரிகிற மாதிரி சாய்த்து வைத்திருந்தார். வெள்ளைக் கெபாயாச் சட்டை உடுத்திய ரத்ரி அவர் எதிரில் மண்டியிட்டு மைக்கை வாங்கினாள்.

அவள் வாயைத் திறந்த நேரம் பந்தல் விளக்கு லேசாக மங்கியது. எவளோ குக்கரைப் போட்டுவிட்டாள். முஜிரான் மீட்டர்மேல் குனிந்தார். முள் ஆடியது. விழுமா? விழவில்லை. பன்னிரண்டுக்குக் கொஞ்சம் கீழே வந்தது, நின்றது, மறுபடி ஏறியது. காதைக் கூர்மையாக்கினார். 'ம்ம்ம்' இருக்கிறதா? இல்லை. சுத்தமாக இல்லை. இத்தனை நாள் அவரைத் தின்ற அந்தச் சத்தத்தைக் காணவே காணோம்.

மகள் பேசி முடித்திருந்தாள். பெண்கள் பக்கம் விசும்பல் கேட்டது. ரத்ரி கண்ணீரோடு மைக்கை அவர் வாயருகே நீட்டிக்கொண்டிருந்தாள். எல்லோரும் அவரையே பார்த்தார்கள். முஜிரான் மகளை நிமிர்ந்து பார்த்து, மனம் நிறைந்து சொன்னார்.

"இரைச்சலே இல்ல."

தெருமுனை வரை கேட்டது. ஒரு கணம் கழித்து ஆண்கள் பக்கம் குபீரென்று சிரிப்பு எழுந்தது. ரத்ரியின் முகம் கீழே கவிழ்ந்தது. ரூமினா பல்லைக் கடித்துக்கொண்டு, "பதில் சொல்லுங்க" என்றாள்.

"ரத்ரிம்மா, இன்னொரு தடவ..." என்று அவர் ஆரம்பிப்பதற்குள் பங்ஹுலு கடிகாரத்தைப் பார்த்து, "சம்மதம்னு சொல்லுங்க பாக், நேரமாச்சு" என்றார். சம்மதம் என்றார். மாப்பிள்ளையின் கையைப் பிடித்துச் சொல்லவேண்டியதைச் சொன்னார். நிக்கா செல்லும், செல்லும் என்று கூட்டம் குரல் கொடுத்தது. மகளைக் கொடுத்தாயிற்று.

சாப்பாட்டுப் பந்தியில் ஒவ்வொருவராக வந்து கையைப் பிடித்தார்கள். ஜுமாடி கூட வந்தான். கண் சிவந்திருந்தது. "மாஸ், ஒத்துக்கறேன். ஒரு எழுத்து சிதறல" என்று சொல்லிவிட்டு நகர்ந்தான். முஜிரானுக்கு மகளிடம் போய்க் கேட்க முகம் இல்லை, மனைவியிடம் கேட்கத் தைரியம் இல்லை. கடைசியில் கறி அண்டாவைத் தூக்கிக்கொண்டு போன எதிர்வீட்டுக்காரியை நிறுத்தினார்.

"நல்லா கேட்டுச்சா?"

"அடுப்படி வரைக்கும் கேட்டுச்சு பாக். உங்கள பத்தி அப்படியெல்லாம் சொல்லுவான்னு நெனக்கல. நாங்க எல்லாரும் கரண்டிய வெச்சுட்டு அழுதோம்."

"என்ன சொன்னா?" என்றார் முஜிரான்.

அவர் விளையாடுகிறார் என்று நினைத்து அவள் சிரித்துக்கொண்டே அண்டாவோடு போய்விட்டாள்.