மூலை வீட்டு வேலியும் மேற்கு ஜெர்மனிப் பட்டாளச் செலவும்

மதியம் பன்னிரண்டானால் இங்கே மேற்கு ஜெர்மனியில் யாரைப் பார்த்தாலும் ‘மால்சைட்’ என்கிறார்கள். சாப்பாட்டு வேளை என்று அர்த்தம். கழிவறை வாசலில் எதிர்ப்பட்டாலும் அதேதான். நானும் சொல்லப் பழகிவிட்டேன். நெய்வேலியை விட்டு வந்தும் எனக்கு வாய்த்தது பழுப்பு நிலக்கரிச் சுரங்கம்தான். அதன் கேண்டீனில் அன்று வாக்குவாதம். மேற்கு ஜெர்மனி சேர்ந்திருக்கும் ராணுவக் கூட்டணியின் நாடுகள் ஒவ்வொன்றும் பட்டாளத்துக்கு இவ்வளவு செலவழித்தே ஆகவேண்டும் என்று முடிவெடுத்திருக்கின்றன. சில நாடுகள் கைவிரிக்கின்றன. “ஒப்புக்கொண்டால் செய்ய வேண்டும்” என்றார் ஃபோர்மேன் வெர்னர். “பள்ளிக்கூடத்துக்கே காசில்லை, பீரங்கி எதற்கு?” என்றான் என்னோடு வேலை பார்க்கும் உல்ரிஷ். உன் நாடு எந்தக் கூட்டணியிலும் இல்லை, நீ சொல் என்று என் பக்கம் திரும்பினார்கள். எனக்கோ வேறு கவலை. மனைவி கமலாவையும் மகளையும் வரவழைக்கும் விண்ணப்பம் நான் கையெழுத்துப் போடாமலே பையில் கிடந்தது. சண்டை வரலாம் என்று பேசிக்கொள்ளும் ஊருக்குப் பிள்ளையைக் கூப்பிடுவதா என்று பயம்.

இருந்தும் நெய்வேலியில் நான் சிறுவனாக இருந்தபோது எங்கள் பிளாக்கில் நடந்த கதையைச் சொன்னேன். பக்கத்து வடக்குத்து கிராமத்து மாடுகள் குவார்ட்டர்ஸ் தோட்டங்களை மேய்ந்த காலம். தோட்டங்களைச் சுற்றி அவரவர் பக்கம் முள்வேலி போடுவதென்று ஏழு வீடும் பேசிக்கொண்டன. மைன்ஸில் ஃபிட்டரான அப்பா முதல் ஞாயிறே இரட்டை முள் அடைத்துவிட்டு, தினமும் அடுத்தவர் வேலியை மேற்பார்வையிடக் கிளம்பிவிடுவார். மூலை வீட்டுக்காரர் மட்டும் அசையவில்லை. “எங்க வூட்ல தோட்டமே இல்லீங்க. மாடு வந்து எதத் தின்னும்?” அந்த இடைவெளியை நாமே அடைத்துவிடலாம் என்றாள் அம்மா. “நாம அடச்சா நம்மள இளிச்சவாயன்னு நெனப்பான்!” என்று அப்பா எகிறினார். மாடுகள் அந்த வழியாகவே வந்தன. வந்தவற்றுக்குத் திரும்பும் வழி தெரியவில்லை; எங்கள் பக்கமாக வெளியே போக அப்பாவின் வேலி விடவில்லை. சாயங்காலம்வரை நின்று கீரை, வாழை எல்லாவற்றையும் காலி செய்தன. “உங்க வேலி ஸ்ட்ராங்குங்க சார். அதான் போவ முடியாம நின்னுக்கினு இருக்குது” என்றார் மூலை வீட்டுக்காரர்.

“பார்த்தாயா, எல்லோரும் போட்டிருக்க வேண்டும்” என்றார் வெர்னர். “பார்த்தீர்களா, வேலியே வீண்” என்றான் உல்ரிஷ். சொன்ன சொல்லைக் காப்பாற்றத்தான் வேண்டும். ஆனால் அடுத்தவன் எவ்வளவு போட்டான் என்றே பார்த்துக்கொண்டிருந்தால் மாட்டை யார் பார்ப்பது? இதை ஜெர்மனில் சொல்ல எனக்கு வரவில்லை. உல்ரிஷ் என் முதுகில் தட்டி, “உனக்கென்ன, சண்டை வந்தால் ஊருக்குப் போய்விடுவாய்” என்றான். எனக்குச் சுருக்கென்றது. என் சம்பளத்தில் பிடிக்கும் வரியும் அந்தப் பட்டாளத்துக்குத்தானே போகிறது! வந்த ரோஷத்தில் அன்றே விண்ணப்பத்தில் கையெழுத்துப் போட்டு, கமலாவுக்கும் எழுதினேன்.

மூன்று வாரத்தில் அவள் பதில் வந்தது. “வரோங்க. பாப்பா குதிச்சிக்கினு இருக்கா. ஒண்ணே ஒண்ணு கேக்கணும். அங்க சண்டை வந்தா நாம யாரு பக்கம்ங்க?”

மூன்று நாள் யோசித்தேன். பிறகு, இங்கே குளிர் அதிகம், பாப்பாவுக்கு ரெண்டு ஸ்வெட்டர் எடுத்து வா என்று எழுதிப் போட்டேன்.