ஹேண்ட் பிரேக்கும் அம்மிக் குழவியும்

இன்னைக்கு ஒருவழியா ஹேண்ட் பிரேக்கைச் சரி பண்ணியாச்சு.

அத்தா வாங்கின பெரிய கார் அது. பெட்ரோல் விலை ஏறவும் டீசல் இஞ்சின் மாட்டி, பின்பக்கத்தை வெட்டிப் பலகை அடிச்சு, கல்யாண வீடுகளுக்கு வாடகைப் பாத்திரம் ஏத்துற வண்டியாக்கிட்டோம். வெட்டின நாள்லேருந்து ஹேண்ட் பிரேக் பிடிக்காது.

அதுக்கு எங்க டிரைவர் முத்தையாண்ணன் ஒரு உடைஞ்ச அம்மிக் குழவி வச்சிருந்தார். எங்க நிறுத்தினாலும் அதைப் பின் டயருக்கு முட்டுக் குடுத்துட்டுத்தான் பீடி பத்த வைப்பார். போன மாசம் காய்ச்சல்ல போய்ச் சேந்துட்டார்.

காலையில மெக்கானிக் காதர் மாமு புதுக் கேபிள் போட்டுட்டு, "இனி மலையில நிறுத்தினாலும் நிக்கும். இந்தக் கல்லு எதுக்கு?"ன்னார். அவர் கண் முன்னாடியே அதைப் பட்டறைக் கிணத்துல போட்டேன்.

மத்தியானம் அரியக்குடியில ஒரு கல்யாண வீடு. தெரு நல்ல இறக்கம். பிரேக்கை நல்லா இழுத்துப் போட்டுட்டு, ராத்திரி விருந்துக்கான அண்டா இறக்க ஆள் கூப்பிட உள்ள போனேன்.

திரும்பி வந்தா பிரேக் விடுபட்டுக் கிடக்குது. ஆனா வண்டி அசையல. இறக்கத்துக்குக் கீழ பந்தியில சனம் சாப்பிட்டுக்கிட்டு இருக்கு.

குனிஞ்சு பாத்தேன். பின் டயருக்கு அடியில அதே குழவி. தண்ணி சொட்டுது.

"யாரு வச்சீக?"ன்னு வாசல்ல நின்னவுககிட்ட கேட்டேன்.

"வண்டிப் பக்கம் யாரும் வரலையே"ன்னாக.

வண்டி இன்னும் அங்குட்டுத்தான் நிக்குது. கல்லை எடுத்தாத்தான் கிளப்ப முடியும். உங்கள்ல யாராச்சும் கூட வாரீகளா?