அரைச் செங்கல்

சிம்மக்கல்லில் ஒரு மொத்தக் கடையில் மூட்டைகளின் மேல் ஊர்ப்பெயர் எழுதுவது என் வேலை. எட்டாவதோடு படிப்பை நிறுத்தியவன். நாலு பேர் கூடினால் எனக்குப் பேச்சு வராது. அப்படிப்பட்டவன் இதை எழுத உட்கார்ந்ததைப் பொறுத்துக்கொள்ளுங்கள். பரவைக்குப் பக்கத்தில் என் மதினி வீட்டு வாசலில், தண்ணீர் டிரம்முக்கு முட்டுக்கொடுத்தபடி ஓர் அரைச் செங்கல் கிடக்கிறது. ஒரு மூலையில் சிமெண்டு ஒட்டியிருக்கும். எங்கே பார்த்தாலும் அதை அடையாளம் சொல்வேன்.

அண்ணன் இறந்த பிறகு மதினி ஒரு செவலைப் பசுவை வைத்துத்தான் பிழைத்தார். பிள்ளைகள் இல்லை. இரண்டு முறை வயிற்றில் தங்காமல் போனது. செவலை சினையாக இருந்தபோது அதன் வயிற்றைத் தடவிக்கொண்டே சொல்வார்: "கோழி முட்டைய விட்டுட்டு எந்திரிச்சுப் போயிருது தம்பி. இதுக்கு அப்படியா? உடம்பப் பிச்சுல குடுக்கணும்." மாதம் நிறைந்ததும் கால்நடை மருத்துவரிடம் நான்தான் ஓட்டிக்கொண்டு போனேன். "கன்னு போட்டப்புறம் இளங்கொடி விழலைன்னா, அதுல கல்லு கில்லு கட்டிறாதீங்க. கர்ப்பப்பையே வெளிய வந்துரும். எனக்குப் போன் பண்ணுங்க" என்று நம்பரை ஒரு சீட்டில் எழுதிக் கொடுத்தார். வீட்டுக்கு வந்து "எல்லாம் நல்லா இருக்காம் மதினி" என்று மட்டும் சொன்னேன். சீட்டு சட்டைப்பையில் இருந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை விடியும்போது கிடாரிக் கன்று பிறந்தது. செவலை அதை நக்கி நக்கி எழுப்பி நிறுத்தியது. ஆனால் மதியம் மூன்று மணியாகியும் நஞ்சுக்கொடி விழவில்லை. பின்னால் தொங்கிக்கொண்டே இருந்தது. ஊரில் கன்று போட்டால் கூப்பிடுவது பக்கத்து வீட்டு அண்ணனைத்தான். அவர் வந்து பார்த்துவிட்டு, "இம்புட்டு நேரம் தொங்கவிட்டா மாடே இழுத்துத் தின்னுரும். ஒரு கல்லக் கட்டுங்க, கனத்துக்குத் தானா விழுந்துரும்" என்றார்.

"அண்ணே, டாக்டரு..." என்று ஆரம்பித்தேன்.

"என்னப்பா, மூட்டையில பேரு எழுதுறது பத்தாம மாட்டுக்கும் எழுத வந்துட்டியா?"

நின்றவர்கள் எல்லோரும் சிரித்தார்கள். காலையிலிருந்து முகம் இறுகிக் கிடந்த மதினியும் சிரித்துவிட்டார். அந்தச் சிரிப்பைக் கெடுக்க மனம் வரவில்லை என்று பல வருடங்களாக எனக்கு நானே சொல்லி வந்தேன். உண்மை அது இல்லை. எனக்கு வெட்கம். கல் தேடிப் போனதும் நான்தான். கொல்லையில் கிடந்த இந்த அரைச் செங்கலில் கயிற்றைச் சுற்றி, என் கையாலேயே கொடியில் கட்டினேன்.

பொழுது சாய்வதற்குள் செவலை படுத்து முக்கியது. கொடியோடு கர்ப்பப்பையும் வெளியே வந்து மண்ணில் புரண்டது. சீட்டை எடுத்துப் போன் பண்ணினேன். மருத்துவர் வருவதற்குள் உள்ளே ரத்தக்குழாய் அறுந்து, கன்றின் பக்கம் கழுத்தைத் திருப்பியபடியே மாடு அடங்கிவிட்டது. "யாரு கட்டுனது?" என்று கேட்டார் அவர். பக்கத்து வீட்டு அண்ணன் தரையைப் பார்த்தார். நானும்தான்.

எல்லோரும் போன பிறகு மதினி என்னிடம் கேட்டார்: "டாக்டருன்னு என்னமோ சொல்ல வந்தீங்களே தம்பி, என்ன அது?"

"ஒண்ணுமில்ல மதினி" என்றேன்.

பிறகு அவர் கேட்கவே இல்லை. அந்தக் கிடாரி வளர்ந்து இப்போது அதற்கும் கன்று இருக்கிறது. போகும்போதெல்லாம் அந்த டிரம் பக்கத்தில் நின்றுதான் கால் கழுவுகிறேன். மதினிக்கு எழுத்துக் கூட்டி வாசிக்க வரும். இதை அவரிடம் கொடுக்கப் போகிறேன்.

மாடு செத்த மறுநாள் காலை ஜேசிபி வந்து குழி தோண்டியது. செவலையைப் புதைத்தோம். மதினி பக்கத்து வீட்டுப் பாலைப் பாட்டிலில் ஊற்றிக் கன்றுக்குக் கொடுத்தார். பாதிதான் குடித்தது. நான் பத்து மணி பஸ்ஸில் கடைக்குப் போனேன்.